சுங்கச்சாவடி வரலாறு: "கடன் அடைந்ததும் எடுத்துவிடுவோம்" என்று சொன்னவர்கள் எங்கேயாவது எடுத்திருக்கிறார்களா?

மைல்கல்:
சுங்கச்சாவடி திறக்கும்போது எல்லா நாட்டிலும் ஒரே பேச்சுதான். சாலை போட வாங்கிய கடன் அடையும் வரைக்கும்தான் கட்டணம், அப்புறம் இலவசம்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே முதல் விரைவுச்சாலையான மெய்ஷின் 1963இல் திறந்தபோதே, கடன் தீர்ந்தால் கட்டணமும் போய்விடும் என்பதுதான் கொள்கை. 1972இல் எல்லா விரைவுச்சாலைகளின் வரவுசெலவையும் ஒரே கணக்கில் கொட்டினார்கள். பழைய சாலையில் வசூலாவது புதிய சாலை போடப் போகும். அப்படியானால் கடன் எப்போது தீரும்? 2005இல் தனியார்மயமாக்கியபோது 2050 என்றார்கள். 2014இல் அது 2065 ஆனது. 2023இல் மறுபடி சட்டத்தைத் திருத்தி 2115 வரை வாங்கலாம் என்றாகிவிட்டது. இன்று பிறக்கும் குழந்தைக்கு அப்போது தொண்ணூறு வயது இருக்கும்.

எனக்கு இரண்டு கேள்வி. சொன்னபடி எடுத்தவர்கள் வரலாற்றில் உண்டா? இந்த வசூல் முதன்முதலில் சாலைக்காகத் தொடங்கியதா, கஜானாவுக்காகவா? கஜானாதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஓலைநறுக்கு:
கஜானா என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது நண்பரே. பழங்காலத்தில் வழியில் கொடுத்த காசுக்கு ஈடாகக் கிடைத்தது சாலை இல்லை, பாதுகாப்பு.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அந்தபாலன் என்ற எல்லை அதிகாரி 'வர்த்தனி' என்ற வழிவரி வாங்குகிறான். சரக்கு வண்டிக்கு ஒன்றேகால் பணம், மாட்டுக்கு அரைப் பணம், தலைச்சுமைக்கு ஒரு மாஷம் (பணத்தைவிடச் சின்னக் காசு) என்று வாகன வாரியாகப் பட்டியலே இருக்கிறது. ஆனால் வழியில் வணிகனின் சரக்கு தொலைந்தாலோ திருடு போனாலோ ஈடுகட்ட வேண்டியவனும் அதே அந்தபாலன்தான். இன்றைய சுங்கச்சாவடி ஒப்பந்தங்களில் இப்படி ஒரு ஷரத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நம் பெரும்பாணாற்றுப்படையிலும் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து போகும் 'உல்குடைப் பெருவழி' வருகிறது. உல்கு என்றால் சுங்கம். அந்தப் பெருவழி கிளை பிரியும் இடங்களில் வில்லோடு காவல் இருக்கிறது. வாங்கும் இடமும் காக்கும் இடமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

உங்கள் முதல் கேள்விக்கும் ஒரு சின்னப் பதில் வைத்திருக்கிறேன். முதலாம் குலோத்துங்கன் (1070–1122) 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். அது சரக்கின் மீதான சுங்கம், சாலைக் கட்டணம் இல்லை. இருந்தாலும் ஒரு வசூலை நிறுத்தியதற்கு அரசனுக்குப் பட்டமே கொடுத்திருக்கிறார்கள் என்றால், அடிக்கடி நடக்கிற காரியமாக அது இருந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
பாதுகாப்புக்கு என்று சொல்லித் தொடங்கியது எங்கே போய் முடியும் என்பதற்கு ஜெர்மனியின் ரைன் ஆறு இருக்கிறது. பேரரசரின் அனுமதியோடு ஆற்றங்கரையில் சுங்கம் வாங்கலாம் என்பது பழைய ஏற்பாடு. 1250க்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் உறுதியான பேரரசரே இல்லை. கரையில் கோட்டை வைத்திருந்த பிரபுக்கள் ஆளாளுக்கு வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டு முடியும்போது அந்த ஓர் ஆற்றில் மட்டும் 60க்கு மேற்பட்ட சுங்க நிலையங்கள். ஆறு இயற்கை போட்ட பாதை. பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் கிடையாது.

நான் மைல்கல் கட்சி.

பழஞ்சாலை:
இரண்டு பேருமே இங்கிலாந்தைத் தொடவில்லை. இன்று நாம் பார்க்கிற மாதிரி, சாலையைப் பழுதுபார்க்கக் கடன், அந்தக் கடனுக்குக் கட்டணம், கட்டணத்துக்கு ஒரு கெடு என்ற ஏற்பாடு முழு உருவில் வளர்ந்தது அங்கேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1555 சட்டப்படி சாலையைப் பழுதுபார்ப்பது அந்தந்தத் திருச்சபை வட்டாரத்து மக்களின் கடமை. வருடத்தில் நாலு நாள் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். கொஞ்ச காலத்திலேயே அது ஆறு நாளானது. உள்ளூர்ப் பாதைக்கு இது சரி. லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் என்ன ஆகும்? யாரோ ஓட்டும் பாரவண்டிகள் சாலையை உழுதுவிட்டுப் போகும், வழியில் இருக்கும் கிராமத்தான் மண் சுமப்பான். இந்த அநியாயத்துக்குத்தான் 1663இல் ஒரு சட்டம் வந்தது. ஓட்டுகிறவன் கொடுக்கட்டும் என்று மூன்று இடத்தில் கேட் போட அனுமதித்தார்கள். வேட்ஸ்மில்லில் வசூல் நடந்தது. காக்ஸ்டனில் வண்டிக்காரர்கள் சுற்றிப் போய்விட்டார்கள். ஸ்டில்டனில் எதிர்ப்பு வந்து கேட்டே வைக்க முடியவில்லை. மூன்றில் ஒன்று தேறியது.

18ஆம் நூற்றாண்டில் இதை டிரஸ்டுகள் கையில் கொடுத்தார்கள். உள்ளூர் நிலக்காரர்களும் வியாபாரிகளும் அறங்காவலர்கள். அவர்களுக்குச் சம்பளமோ லாபமோ கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு சாலைக்கும் தனிச்சட்டம், பொதுவாக 21 வருடக் கெடு. வரப்போகும் கட்டணத்தை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கிச் சாலை போட்டார்கள். 21 வருடம் முடியும் நேரத்தில் கடன் அப்படியே நிற்கும், புதுச்சட்டம் போட்டு நீட்டிப்பார்கள். மைல்கல் சொன்ன ஜப்பான் கதை அப்படியே இங்கே முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஓடியிருக்கிறது.

1830களில் 1,100க்கு மேற்பட்ட டிரஸ்டுகள், சுமார் 22,000 மைல் சாலை, கிட்டத்தட்ட 8,000 கேட்டுகள். கடன் 70 லட்சம் பவுண்டுக்கு மேல்.

கேட் வீடுகளும் தனி அழகு. முன்பக்கம் கோணலாகத் துருத்திக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்திருப்பார்கள். காவலாளி உள்ளே உட்கார்ந்தபடியே வண்டி வருவதைப் பார்த்துவிடலாம். வெளியே கட்டணப் பலகை. 1785இலிருந்து தபால் வண்டிக்கு விலக்கு. தூரத்தில் வரும்போதே அந்த வண்டியின் காவலர் கொம்பு ஊதுவார். நடுராத்திரி என்றாலும் எழுந்து வந்து கேட்டைத் திறந்து வைக்க வேண்டும், தாமதித்தால் அபராதம்.

ஊர்சுற்றி:
காக்ஸ்டனில் சுற்றிப் போனவர்கள் நம்ம ஆட்கள். :) இந்தச் சுற்றுவழி சமாச்சாரம் வேறு எங்கும் உண்டா?

பழஞ்சாலை:
அமெரிக்காவில் அதற்கென்றே தனிப் பாதைகள் போட்டார்கள். பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டர் வரை 62 மைல் கட்டணச் சாலை 1790களின் நடுவில் முடிந்தது, 9 கேட்டுகள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் கம்பெனிகள் புற்றீசலாகக் கிளம்பின. கேட்டுக்குச் சற்று முன்னால் பிரிந்து, கேட்டைத் தாண்டியதும் மறுபடி சாலையில் சேரும் வண்டித் தடங்களை அக்கம்பக்கத்து விவசாயிகளே போட்டுவிடுவார்கள். 'ஷன்பைக்' என்று பெயர். கம்பெனிகளில் பெரும்பாலானவை பங்குதாரர்களுக்கு உருப்படியாக எதுவும் கொடுக்கவில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப்பிள்ளை:
பழஞ்சாலை சார், அறங்காவலர்களுக்கு லாபம் கிடையாது என்பது சரி. ஆனால் வசூலை யார் செய்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கேட்டை ஏலம் விட்டார்கள். அதிகம் கேட்டவனுக்குக் குத்தகை. குத்தகைக்காரன் டிரஸ்டுக்கு ஒரு தொகை கட்டுவான், அதற்கு மேல் வசூலாவதெல்லாம் அவனுடையது. சாலை எப்படிக் கிடந்தால் அவனுக்கென்ன? லண்டனில் லூயிஸ் லெவி என்பவர் ஏகப்பட்ட கேட்டுகளைக் குத்தகைக்கு எடுத்துப் பெரும் பணக்காரர் ஆனார்.

இதே குத்தகை இப்போது கோட் சூட் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. டொரான்டோ பக்கம் 407ஆம் நெடுஞ்சாலையை 1999இல் 99 வருடத்துக்குக் கொடுத்தார்கள். சிகாகோ ஸ்கைவே 2005இல், அதுவும் 99 வருடம், 183 கோடி டாலர் கைமேல். அரசுக்கு இன்றைய பட்ஜெட் ஓட்டை அடைபடும். கட்டணம் கட்டப்போகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பிறக்கவில்லை, ஓட்டுப்போட வரமாட்டார்கள்.

கருக்கல்:
குத்தகை பேச்சு வந்ததால் ரெபேக்கா கலகத்தைச் சொல்லியாக வேண்டும்.

1839 மே மாதம், வேல்ஸில் எஃபைல்வென் என்ற இடத்தில் புதிதாக வைத்த கேட்டை ஒரு கூட்டம் இரவில் வந்து உடைத்தது. ஆண்கள்தான், ஆனால் பெண் உடை, முகத்தில் கரி. தலைவனுக்குப் பெயர் ரெபேக்கா, கூட வந்தவர்கள் அவளுடைய மகள்கள். பைபிளில் ரெபேக்காளை வாழ்த்தும்போது, உன் சந்ததியார் பகைவரின் வாசல்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வருகிறது. அந்த 'வாசலை' இவர்கள் சுங்க வாசலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் அவ்வளவு கோபம்? அந்தப் பகுதி மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால்தான் விளையும். சூளைக்குப் போய் வண்டியில் ஏற்றி வர வேண்டும். வழியில் வேறுவேறு டிரஸ்டுகளின் கேட்டுகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கட்டணம். சுண்ணாம்பு விலையைவிட வழிச்செலவு பெரிதாகிவிடும். எஃபைல்வென் கேட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தாமஸ் புல்லின். விவசாயிகள் கேட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள் என்று பார்த்து, குறுக்குச் சந்துகளை மறிக்கும்படி கேட் வைப்பதுதான் இந்த மாதிரி ஆட்களின் தொழில்.

1842 குளிர்காலத்தில் மறுபடி வெடித்து, 1843 முழுக்கத் தென்மேற்கு வேல்ஸில் கேட் கேட்டாக விழுந்தது. படை வந்தது. செப்டம்பரில் ஹெண்டி கேட்டில் சாரா வில்லியம்ஸ் என்ற வயதான காவலாளிப் பெண்மணி சுடப்பட்டு இறந்தார். கலகத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். குத்தகைக்காரன் மீதுள்ள கோபம் கடைசியில் கேட்டில் கூலிக்கு நின்ற கிழவி மேல் விழுந்தது.

விசாரணைக் குழு போட்டார்கள், 1844இல் தனிச்சட்டம் வந்தது. தெற்கு வேல்ஸின் டிரஸ்டுகளை மாவட்ட வாரியங்களின் கீழ் ஒன்றாகச் சேர்த்தார்கள், சுண்ணாம்பு வண்டிக் கட்டணம் பாதியானது.

பழஞ்சாலை:
கருக்கல் சொன்னதில் ஒரு சொல்கூட மறுக்கவில்லை. ஆனால் கஜானா கட்சிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், சாலை உண்மையாகவே நல்லதானது. 1754இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கோடையில் 10 நாள், குளிர்காலத்தில் 12 நாள். 1830களில் இரண்டு நாளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 1816இல் பிரிஸ்டல் டிரஸ்டின் மேற்பார்வையாளராக வந்த மக்காடம் உடைகல் சாலை போட்டுக் காட்டியதும் இந்தக் கட்டணப் பணத்தில்தான்.

டிரஸ்டிடம் கொடுத்தார்களே, ஏன் நேராக முதலாளியிடம் கொடுக்கவில்லை? ஆடம் ஸ்மித் 1776இல் இதற்கு எழுதிய பதிலை இன்றைக்கும் யாராலும் தள்ள முடியாது. கால்வாயைச் சொந்தக்காரன் கவனிக்காமல் விட்டால் படகே போகாது, வருமானம் நின்றுவிடும், ஆகவே தன் நலனுக்காகவாவது பழுதுபார்ப்பான். சாலை அப்படி இல்லை. எவ்வளவு குண்டும் குழியுமானாலும் வண்டி எப்படியாவது போய்க்கொண்டிருக்கும். ஆகவே தனியார் ஒருவன் காசு வாங்கிக்கொண்டே சாலையைச் சும்மா விட்டுவைக்கலாம். கணக்குப்பிள்ளையின் 99 வருடக் குத்தகைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

டிரஸ்டுகளைக் கடைசியில் ரெபேக்கா கொல்லவில்லை, ரயில்தான் கொன்றது. நெடுந்தூரக் குதிரைக் கோச்சுகள் நின்றதும் வருமானம் விழுந்தது, வட்டி கட்ட முடியவில்லை. ஒவ்வொன்றாகக் கலைத்து, சாலையை உள்ளாட்சி வரிக்கு மாற்றினார்கள். கடைசி டிரஸ்ட் 1895இல் ஆங்கிள்சி தீவில் முடிந்தது.

ஆறுசக்கரம்:
ஐயா மார்களே, நான் லாரித் தொழிலில் இருக்கிறவன். வரலாறு எல்லாம் சரி. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் அதிகம் கொடுப்பது பாரவண்டிக்காரன்தான். கௌடில்யர் பட்டியலிலும் வண்டிக்குத்தான் அதிகம். காருக்கு ஒரு விலை, எங்களுக்குப் பல மடங்கு. கொடுத்துவிட்டு அதே வரிசையில்தான் நாங்களும் நிற்கிறோம்.

உடைகல்:
ஆறுசக்கரம் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சாலை வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். வட்டவட்டமாகச் சாலை போட்டு, லாரிகளை இராப்பகலாக ஓட்டி, எந்த எடைக்கு எவ்வளவு சேதம் என்று அளந்தார்கள். அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்காகிறது என்று தெரிந்தது. கார் சாலைக்குச் செய்யும் சேதம் கணக்கிலேயே வராது. அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் கொடுப்பது குறைவு.

சோதனை இல்லாமலே பழைய ஆட்களுக்கும் இது புரிந்திருக்கிறது. 1753இல் இங்கிலாந்தில் அகலச் சக்கரச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒடுக்கமான சக்கரம் சாலையை அறுத்துத் தடம் பதிக்கும், அகலமான சக்கரம் உருளை மாதிரி அமுக்கிவிட்டுப் போகும் என்று சொல்லி, அகலச் சக்கரத்துக்குச் சலுகை கொடுத்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை எடைபோடும் இயந்திரங்களும் வந்தன.

ஆறுசக்கரம்:
அச்சுக்கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. பாரத்தை அதிக அச்சில் பரப்பி ஏற்றினால் சேதம் குறையும் இல்லையா? அப்படியிருக்க பல இடங்களில் அச்சு கூடக்கூடக் கட்டணமும் கூடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? சாலையைக் காப்பாற்றுகிற வண்டிக்கு அபராதம் மாதிரி இருக்கிறது. இன்னொன்று, நான் கொடுப்பது என் பையிலிருந்து இல்லை, சரக்கு வாடகையில் ஏறிவிடும். காரில் போகாதவனும் அரிசி விலையில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

உடைகல்:
அச்சு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரியான குறை. அச்சை எண்ணுவது சுலபம், ஓடும் வண்டியை எடைபோடுவது கஷ்டம். வசூலிக்க வசதியானதைத்தான் கேட் எப்போதும் அளந்திருக்கிறது.

வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1954இல் நியூயார்க் துறைமுக ஆணையத்தில் லெஸ்லி ஈடி என்பவர் பாலங்கள், சுரங்கப்பாதைகளின் சாவடிகளில் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று அளந்து, எந்த நேரத்துக்கு எத்தனை சாவடி திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். வரிசைக் கோட்பாட்டில் அது முன்னோடி வேலை. அதே வருடம் நியூஜெர்சியில் நாணயம் போடும் தானியங்கிக் கூடை வந்தது. 1968இல் கோல்டன் கேட் பாலத்தில் இன்னும் சுலபமான ஒரு யோசனை செய்தார்கள். போகிறவன் பெரும்பாலும் திரும்பி வருவான், ஒரு பக்கம் மட்டும் இரட்டிப்பாக வாங்கினால் போதும். பாதிச் சாவடி வேலை மிச்சம். அதே பாலத்தில் 2013இல் சாவடி ஆட்களே இல்லாமல் முழுக்க மின்னணு வசூல் ஆகிவிட்டது.

மைல்கல்:
எல்லாம் அருமை. என் முதல் கேள்விக்குக் குலோத்துங்கனைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லவில்லையே.

தொலைநோக்கி:
நான் சொல்கிறேன். உண்டு.

கொலராடோவில் டென்வர்–போல்டர் கட்டணச் சாலை 1952இல் திறந்தது. கெடுவுக்கு 13 வருடம் முன்பாகவே 1967இல் கடனை அடைத்துவிட்டு கேட்டை எடுத்தார்கள். டெக்சஸில் டல்லஸ்–ஃபோர்ட்வொர்த் சாலை 1957இல் திறந்து, கடன் தீர்ந்ததும் 1977 முடிவில் இலவசமானது. ஸ்பெயினில் ஏபி-7 சாலையின் நீண்ட பகுதிகளில் தனியார் குத்தகை 2021 ஆகஸ்ட் 31இல் முடிந்ததும் அரசு நீட்டிக்க மறுத்தது, கேட் திறந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுப் பாலம் வேறு ரகம். 1995இல் திறந்த நாளிலிருந்து உள்ளூர்க்காரர்கள் கட்டணம் கட்ட மறுத்து வழக்கு, தண்டனை என்று ஒன்பது வருடம் சண்டை போட்டார்கள். 2004 டிசம்பரில் அரசு பாலத்தை வாங்கிக் கட்டணத்தை நிறுத்தியது.

எதிர்ப்பக்கம்: லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டு. கடன் தீர்ந்தது, 2003இலிருந்து நெரிசலைக் கட்டுப்படுத்த என்று வேறு தலைப்பில் அதே வசூல் தொடர்கிறது. 1940இல் 160 மைலோடு திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற அமெரிக்கக் கட்டணச் சாலையிலும் இன்றுவரை கட்டணம்தான்.

என் கணிப்பில் ஒரே வித்தியாசம்தான். தனிச்சாலை, தனிக்கடன், தனிக்கணக்கு என்றிருந்த இடத்தில் கேட் போயிருக்கிறது. ஜப்பான் மாதிரி எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிய இடத்தில் கடன் தீருவதே இல்லை.

கணக்குப்பிள்ளை:
நல்ல கணிப்பு. கேட் போன பிறகு பராமரிப்புக்குப் பணம் யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956இல் அமெரிக்காவில் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு 90 சதவீதம் மத்திய அரசு கொடுத்தது, எரிபொருள் வரியிலிருந்து. சாவடியே வேண்டாம், பெட்ரோல் பங்க்கே சாவடி. அந்த வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. மின்சார வண்டி வந்தால் அதுவும் கிடைக்காது. ஐஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் 2024இலிருந்து மின்வண்டிகளிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இதில் கெடு என்ற பேச்சே கிடையாது.

ஊர்சுற்றி:
அப்போ சுற்றுவழியே இருக்காதா! கொடுமை. சரி, நடந்து போகிறவனிடமும் எங்காவது வாங்கியிருக்கிறார்களா?

பழஞ்சாலை:
இங்கிலாந்தின் டர்ன்பைக் சாலைகளில், அதாவது நான் சொன்ன டிரஸ்டுகளின் கட்டணச் சாலைகளில், பெரும்பாலும் நடப்பவனுக்கு இலவசம். பாலங்களில் வாங்கினார்கள். லண்டனில் 1817இல் திறந்த வாட்டர்லூ பாலத்தில் ஆளுக்கு ஒரு பென்னி. ஆனால் ஆற்றில் அதற்கு மேலே வெஸ்ட்மின்ஸ்டர், கீழே பிளாக்ஃபிரையர்ஸ், இரண்டு பாலத்திலும் கட்டணம் இல்லை. ஜனங்கள் பென்னியை மிச்சம்பிடிக்க நடந்தே சுற்றினார்கள். பங்கு போட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். 1878இல் நகர வாரியம் வாங்கிக் கட்டணத்தை எடுக்கும் வரை, அக்கம்பக்கப் பாலங்கள் நெரிந்துகொண்டிருக்க நடுப் பாலம் மட்டும் காலியாகக் கிடந்தது. பிரான்சில் பொறியாளர் டுப்யுயி 1840களிலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார். கட்டி முடித்த பாலத்தில் கூட்டமில்லாதபோது கட்டணம் வைத்தால், கடந்திருக்கக்கூடியவன் கடக்காமல் போவது முழு நஷ்டம், அந்தக் காசு யார் கைக்கும் வராது.

ஊர்சுற்றி:
நானும் அந்தப் பக்கமாகத்தான் சுற்றியிருப்பேன் சார். டுப்யுயி பற்றித் தனி இழை ஒன்று தொடங்குங்களேன், நெரிசல் கட்டணத்தையும் அங்கேயே வைத்துப் பேசலாம்.